ஆகஸ்ட் 23-க்கு சார்ட் ஒட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? (எட்டாம் வகுப்பு, காரைக்குடிப் பக்கம்)

செம்மண்_டீச்சர்

தேசிய விண்வெளி நாள் வரப்போகிறது. சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23-இன் நினைவாக வருவது. எங்கள் பக்கம் அன்றைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: சார்ட், பேச்சுப்போட்டி, வாசலில் ராக்கெட் கோலம். சார்ட்டைப் பாதி அக்காமார் வரைகிறார்கள், மீதி ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் ஆகிறது. நிலா எவ்வளவு தூரம் என்று கேட்டால் 3,84,400 கிலோமீட்டர் என்று மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளை, இரண்டு பந்தைக் கையில் கொடுத்து "இது பூமி, இது நிலா, தூரத்துக்கு வைத்துக் காட்டு" என்றால் ஒரு சாண் தள்ளி வைக்கிறது.

புதுவயல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆய்வகம் என்று ஒரு பீரோ இருக்கிறது. செலவு என் கைக்காசு, 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி, நீங்கள் வகுப்பில் செய்து பார்த்தவை இருந்தால் சொல்லுங்கள். வீடியோ லிங்க் வேண்டாம். அதில் வருகிற சாமான் பாதி இங்கே கிடைக்காது.

பள்ளத்தூரான்

டீச்சர், யோசிக்கவே வேண்டாம், தண்ணீர் ராக்கெட்தான். நான் வாத்தியார் இல்லை, சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு வந்து வந்து இதில் எனக்கும் கை பழகிவிட்டது.

2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்று. வாய்க்குள் இறுக்கமாக நுழையும் ரப்பர் கார்க். கார்க்கில் ஓட்டை போட்டு, பழைய ட்யூபிலிருந்து வெட்டி எடுத்த வால்வை நடுவில் செருகினால் வேலை முடிந்தது. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், தலைகீழாக நிறுத்த மூன்று செங்கல், அப்புறம் கைப்பம்பு. உள்ளே காற்று ஏற ஏற ஒரு கட்டத்தில் கார்க் பிடி விடும். தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே போகும்.

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பு. கூல்டிரிங்ஸ் பாட்டில்தான் வேண்டும், அது கேஸ் அழுத்தத்துக்கென்றே செய்தது. தண்ணீர் பாட்டில் மெல்லிசு, வெடிக்கும். பம்பு ஹோஸ் நீளமாக இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் பாட்டிலுக்கு மேலே குனிந்து பார்க்கக் கூடாது. "ஏன் இன்னும் போகலை" என்று எட்டிப் பார்க்கும் நேரத்தில்தான் சரியாகப் போகும்.

கணக்கு_வாத்தியார்_தேவகோட்டை

அண்ணே, கோவித்துக்கொள்ளாதீர்கள். ராக்கெட் போனது, பிள்ளைகள் கத்தினார்கள், சட்டை நனைந்தது, மணி அடித்தது. என்ன கற்றுக்கொண்டார்கள்? அடுத்த நாள் கேட்டால் "செம்மையா போச்சு சார்" என்பார்கள். தீபாவளிக்கு விடுகிற ராக்கெட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விடுவதற்கு முன்னால் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீரே இல்லாமல் வெறும் காற்று, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், கழுத்துவரை தண்ணீர், இந்த மூன்றில் எது உயரப் போகும்? பெரும்பாலான பிள்ளைகள் தண்ணீர் கூடக்கூட உயரம் கூடும் என்றுதான் எழுதுவார்கள். கழுத்துவரை நிரப்பினால் காற்று அடைய இடமில்லை, பாரமும் அதிகம், முக்கி முனகி எழும்பி விழும். காற்று மட்டும் என்றால் வெளியே தள்ள எடையே இல்லை. இதைப் பார்த்த பிறகு நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொன்னால் காதில் ஏறும்.

அடுத்தது உயரம். கோணமானியின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நூல் முனையில் நட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பு வழியாக ராக்கெட்டின் உச்சியைப் பார்க்க வேண்டும். நூல் காட்டும் எண்ணை 90-லிருந்து கழித்தால் ஏற்றக் கோணம். 20 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளை, எதிர்ப்பக்கம் அதே 20 மீட்டரில் இன்னொரு பிள்ளை. ஆவணி பிறந்தும் காற்று விடாது, ராக்கெட் ஒரு பக்கம் சாயும், அதனால் இரண்டின் சராசரிதான் நியாயம். எட்டாம் வகுப்புக்கு டேன்ஜென்ட் தெரியாதே என்று கவலை வேண்டாம். கிராஃப் தாளில் 1 செ.மீ.க்கு 2 மீட்டர் என்று வைத்துக் கோணத்தை வரைந்தால் உயரம் தானே வந்துவிடும். பிள்ளையின் கண் உயரத்தைக் கூட்ட மறக்க வேண்டாம்.

பள்ளத்தூரான்

கோவம் எல்லாம் இல்லை சார். ஆனால் முதல் ராக்கெட்டை மட்டும் சும்மா விடுங்கள். கத்தட்டும். இரண்டாவதிலிருந்து நோட்டு.

கணக்கு_வாத்தியார்_தேவகோட்டை

சரி, ஒன்று.

டீச்சர், அந்த ஒரு சாண் நிலாவுக்கு வருகிறேன். கூடைப்பந்து 24 செ.மீ. விட்டம். அதைப் பூமி என்றால், நிலாவுக்கு டென்னிஸ் பந்து கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும் (பூமி 12,742 கி.மீ., நிலா 3,474 கி.மீ.). இடைவெளி முப்பது பூமி, அதாவது 7 மீட்டர் 20 சென்டிமீட்டர். வகுப்பறை போதாது, வராண்டாவுக்கு வர வேண்டியிருக்கும். முதலில் பிள்ளைகளே வைக்கட்டும், வைத்த இடத்தில் சாக்பீஸால் பெயர் எழுதட்டும், அப்புறம் டேப்பை நீட்டுங்கள்.

இதைவிட அடி வாங்குகிற கேள்வி ஒன்று உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தை எங்கே வைப்பாய்? பாதித் தூரத்தில் வைப்பார்கள். அது பறப்பது ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில். இந்தப் பந்துக்கு எட்டு மில்லிமீட்டர்கூட வராது. பந்தின் மேல் சுண்டுவிரலைப் படுக்க வைத்தால் விரலுக்குள்ளேயே விண்வெளி வீரர்கள் முடிந்துபோகிறார்கள். டிவி சிக்னல் தரும் செயற்கைக்கோள் 36,000 கி.மீ., அது 68 செ.மீ. சூரியன் 26 மீட்டர் அகலத்தில் 2.8 கிலோமீட்டர் தள்ளி. உங்கள் பள்ளியிலிருந்து அந்தத் தூரத்தில் எந்தக் கோயில், எந்த ஊருணி வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கானாடுகாத்தான்_ஆச்சி

எங்கள் வீட்டில் பேரன் பேத்திகள் லீவுக்கு வந்தபோது இதையே கடுகு வைத்துச் செய்தார்கள். பூமி ஒரு பொடிக் கடுகு என்றார்கள், ஒரு மில்லிமீட்டராம். சூரியனுக்கு உரித்த தேங்காய், 11 சென்டிமீட்டர். தேங்காயை முகப்பில் வைத்தால் கடுகு பன்னிரண்டு மீட்டரில், வளவுக்குள் வந்துவிட்டது. செவ்வாய்க்கு ஒரு ரவை, பதினெட்டு மீட்டர். வியாழனுக்குப் பெரிய சுண்டைக்காய், 61 மீட்டர். இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெருவுக்கே போய்விட்டார்கள். நெப்டியூன் ஒரு சின்ன மிளகு, 353 மீட்டர் என்று தெரு முனையில் போய் நின்று கத்தினார்கள்.

அதற்கு அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டேன். பேரன் போனில் கணக்குப் போட்டு 3,150 கிலோமீட்டர் என்றான். சைகோனே இங்கிருந்து 3,050 கிலோமீட்டர்தானாம். எங்கள் ஐயா கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போன ஊர். அதையும் தாண்டி இன்னொரு தேங்காய்!

கணக்கு_வாத்தியார்_தேவகோட்டை

ஆச்சி, உங்கள் பேரன் கணக்கு சரி. ஒன்று மட்டும்: அந்த அடுத்த நட்சத்திரம், பிராக்ஸிமா, சூரியனைவிட ரொம்பச் சின்னது. தேங்காய் வேண்டாம், ஒரு நெல்லிக்காய் போதும்.

குன்றக்குடி_குமரன்

நான் ரோவர் (நிலாவில், செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டி) விளையாட்டு விளையாடுவேன். எங்கள் பள்ளி வராண்டாவில் பழைய ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள், கட்டம் போடும் வேலை மிச்சம். (இல்லாத பள்ளியில் சாக்பீஸ்.) ஒரு பிள்ளை ரோவர், கண்ணைக் கட்டிவிட வேண்டும். இரண்டு ஸ்டூல், ஒரு வாளி, பாறையும் பள்ளமும். நான்கு பிள்ளைகள் கட்டுப்பாட்டு அறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் வராண்டாவைப் பார்த்துப் படம் வரைந்து கொண்டுவந்து கொடுப்பார். அந்தப் படத்தை வைத்து "3 கல் முன்னே, வலப்புறம் திரும்பு, 2 கல் முன்னே" என்று சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் சுற்று நிலா. ஒரு சீட்டுக்கு ஒரு கட்டளை, பதில் உடனே வரும். அங்கே சிக்னல் போக 1.3 நொடிதானே. இரண்டாவது சுற்று செவ்வாய். சிக்னல் ஒரு வழி போகவே, இரண்டு கோளும் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம். அதனால் மொத்தப் பயணத்தையும் ஒரே சீட்டில் எழுதியாக வேண்டும், நடுவில் திருத்தம் கிடையாது. பாதி ரோவர்கள் வாளியில் கால் வைக்கும். ஒரு பிள்ளையின் "ஒரு எட்டு" இன்னொரு பிள்ளைக்கு ஒன்றரைக் கல் என்பது அப்போதுதான் தெரியவரும். "அப்ப முதல்ல ரோவரை நடக்க விட்டு அளக்கணும் சார்" என்று அவர்களே சொல்வார்கள்.

சந்திரயான்-3-இன் ரோவர் பிரக்யான் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 26 கிலோ வண்டி. 2023 ஆகஸ்ட் 27 அன்று, மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பச் சொல்லி, வேறு பாதையில் அனுப்பினார்கள்.

செம்மண்_டீச்சர்

குமரன் சார், இது நிச்சயம் செய்கிறேன். 500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

முட்டையை மாடியிலிருந்து போடுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பாராசூட் கட்டி, உடையாமல் இறக்க வேண்டும். வேறு ஒரு பள்ளியில் இதற்கு "சந்திரயான் போட்டி" என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஆய்வுக்கூட_மாணவன்

டீச்சர், நான் காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவன், பொருள் அறிவியல். அந்தப் போட்டியில் ஒரு சிக்கல். நிலாவில் காற்று இல்லை, பாராசூட் விரியாது. சந்திரயான் பெயரில் பாராசூட் கட்டினால் பிள்ளைகள் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார்கள். செவ்வாய் என்றால் ஒத்துக்கொள்ளலாம், அங்கே பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று உண்டு. ஆனாலும் பாராசூட் மட்டும் போதாது. அதனால்தான் 1997-இல் நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் காற்றுப் பைகளை ஊதிக்கொண்டு தரையில் குதித்துக் குதித்து உருண்டது.

சந்திரயான்-3-இன் லேண்டர் (இறங்கு கலம்) விக்ரம் 30 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கியபோது நொடிக்கு 1.7 கி.மீ. அளவுக்குப் பக்கவாட்டு வேகம். முழுக்க இன்ஜினாலேயே அதைக் கொன்றார்கள். கடைசியில் கால் தரையைத் தொடும் வேகம் நொடிக்கு 3 மீட்டர் வரை இருந்தாலும் தாங்குகிற மாதிரி வடிவமைத்திருந்தார்கள். சந்திரயான்-2-இல் அது 2 மீட்டர்தான்.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வசதி. பூமியில் 46 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் தரையைத் தொடும்போது சரியாக அந்த 3 மீட்டர் வேகம் இருக்கும். 46 செ.மீ. என்பது உங்கள் வகுப்புப் பெஞ்ச் உயரம். மாடி வேண்டாம், பாராசூட் வேண்டாம். ஒரு அட்டைத் தட்டு, அதன் மேல் திறந்த பேப்பர் கப், கப்பில் முட்டை. கீழே நான்கு கால்: மடித்த காகிதமோ ஸ்ட்ராவோ அவர்கள் இஷ்டம். முட்டையைச் சுற்றி எதுவும் வைக்கக் கூடாது. கால்தான் நசுங்கி அடியை வாங்க வேண்டும். முட்டை உடையாமலும் இருக்க வேண்டும், கப் கவிழாமலும் இருக்க வேண்டும். தட்டு சாய்ந்து முட்டை உருண்டு ஓடினால், இறங்கியும் உபயோகமில்லாத லேண்டர்.

அப்புறம் அதையே மணலிலும், சரிவாக வைத்த பலகையிலும் போட்டுப் பாருங்கள். சமதரையில் ஜெயித்த லேண்டர் பாதிக்குமேல் கவிழும். சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலாமண் மாதிரி ஒன்று தேவைப்பட்டபோது, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலையில் கிடைக்கும் அனார்த்தோசைட் கல்லைத்தான் கொண்டுபோய் அரைத்தார்கள். நம் தமிழ்நாட்டுக் கல் என்றால் பிள்ளைகளுக்கு இன்னும் ஒட்டும்.

பள்ளத்தூரான்

தம்பி, நாமக்கல் கல் நிலாவுக்குப் போனால் நம்ம செம்மண் எதற்கு?

ஆய்வுக்கூட_மாணவன்

செவ்வாய்க்கு, அண்ணே. அந்தக் கோள் சிவப்பாகத் தெரிவது இரும்பு ஆக்சைடு தூசியால். நம் செம்மண்ணின் நிறமும் இரும்பு ஆக்சைடுதான். இரண்டும் ஒரே மண் என்று சொல்லிவிடக் கூடாது, நிறத்துக்குக் காரணம் ஒன்று, அவ்வளவுதான். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, நன்றாகக் காய்ந்த செம்மண்ணில் இழுத்தால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர், ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி மூன்றிலும் தூசியைப் பிடிக்க இப்படிக் காந்தம் வைத்து அனுப்பினார்கள்.

செம்மண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாம்பாளத்தில் நான்கு விரல் கனத்துக்குக் கோலமாவு, மேலே சலித்த செம்மண் மெல்லிசாக. கோலிக்குண்டைப் போட்டால் குழி விழும், அடியிலிருந்து வெள்ளை மாவு சுற்றிலும் கதிர் கதிராகச் சிதறும். பௌர்ணமியன்று பைனாகுலரில் நிலாவின் தென்பக்கம் பார்த்தால் டைக்கோ என்ற 85 கி.மீ. பள்ளத்தைச் சுற்றி இதே கதிர்கள் தெரியும்.

கணக்கு சாருக்காக: 25, 50, 100 செ.மீ. உயரத்திலிருந்து போட்டுக் குழியின் விட்டத்தை அளக்கவும். நாலு மடங்கு உயரத்துக்கு நாலு மடங்கு குழி என்று எழுதிவைப்பார்கள். ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் வரும்.

ஆனால் கோலியைச் சாய்த்து எறிய விடாதீர்கள், அல்லது எறிய விட்டுப் பேசுங்கள். சாய்த்து எறிந்தால் குழி நீளமாக வரும். நிலாவில் உள்ள பள்ளங்கள் அநேகமாக எல்லாம் வட்டம். "அப்படியானால் எல்லாக் கல்லும் நேர் மேலேயிருந்துதான் விழுந்ததா" என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். அங்கே கல் மோதுவது நொடிக்கு 15, 20 கிலோமீட்டர் வேகத்தில். மோதிய இடத்தில் வெடிக்கிறது, வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும், அதனால் வட்டம். மிகவும் தாழ்ந்த கோணத்தில் உரசி வந்தால்தான் நீளும். நம் கோலிக்குண்டால் அந்த வெடிப்பைக் காட்ட முடியாது. மாதிரி எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதையும் பாடத்திலேயே சேர்த்துவிடலாம்.

குன்றக்குடி_குமரன்

ஊசி இல்லாத சிரிஞ்சும் பலூனும் மறந்துவிட்டீர்களே. 20 மில்லி சிரிஞ்சுக்குள் குட்டியாக ஊதிய பலூன், நுனியை விரலால் அடைத்துப் பிஸ்டனை இழுத்தால் பலூன் உப்பும். விண்வெளி உடை ஏன் என்பதற்கு இது போதும்.

கானாடுகாத்தான்_ஆச்சி

டீச்சரம்மா, அந்த மாதக் கடைசியில் நிழல் இல்லாத நாள் வருமே, அதை யாரும் சொல்லவில்லையே?

கணக்கு_வாத்தியார்_தேவகோட்டை

ஆச்சி சொன்னது தங்கம். காரைக்குடி வட்டாரம் பத்து டிகிரி வடக்கு. சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேராக வரும்: ஏப்ரல் 16 வாக்கில், ஆகஸ்ட் 27 வாக்கில். ஏப்ரலில் பரீட்சை, ஆகஸ்ட்தான் பள்ளிக்கு வாய்ப்பு. விண்வெளி நாளுக்கு நாலு நாள் கழித்து, அதே வாரத்துக்குள். நேரம் பன்னிரண்டு இல்லை, 12:16 சுமாருக்கு. நம் கடிகாரம் நம்மைவிடக் கிழக்கே உள்ள தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுவதால் அந்தக் கால் மணி.

ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயைத் தூக்குக்குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். 11:45-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்து குழாயின் அடிக்குள் போய்விடும். மேகம் வந்தால் முன்னால் பின்னால் ஒரு நாள் பரவாயில்லை, ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வித்தியாசம்.

சென்னையில் உங்களுக்குத் தெரிந்த டீச்சர் யாராவது இருந்தால் அதே நாள், அவர்கள் ஊரின் உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். 5 செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். வரைந்து பார்த்தால் 3 டிகிரி. வட்டத்தில் அது 120-இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரம் சுமார் 335 கி.மீ. (பஸ் போகிற தூரத்தைப் போடக் கூடாது, அது வளைந்து நெளிந்து போகும்). 120-ஆல் பெருக்கினால் 40,200. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.யை ஒட்டியது. ஒரு குழாயும் ஒரு போன் காலும், பூமியை அளந்தாயிற்று.

கானாடுகாத்தான்_ஆச்சி

எங்கள் வீட்டு முற்றம் திறந்த முற்றம்தான். பள்ளியில் இடம் தோதுப்படாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், மோர் கரைத்து வைக்கிறேன்.

இன்னொன்று. நிலாவைப் பார்க்கச் சொல்லி நோட்டுப் போடுவீர்களே, அதைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணி நாங்கள் பிள்ளையார் நோன்பு கும்பிடுவோம், இழை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குப் பதினைந்து, அப்புறம் வளர்பிறை சஷ்டிக்கு ஆறு, கூட்டினால் இருபத்தொன்று. அன்றைக்குச் சாயங்காலம் நிலா பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, மேற்குப் பக்கம் உயரத்தில் நிற்கும். முதலில் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பிள்ளைகள் வரைந்து வைக்கட்டும், வாத்தியார் சொன்ன மாதிரி.

செம்மண்_டீச்சர்

ஆச்சி, மோருக்காகவே வருகிறோம். :)

முடிவு செய்துவிட்டேன். 23-ஆம் தேதி காலையில் பெஞ்ச் உயர லேண்டர், மதியம் ரோவர். 27-இல் நிழல், மேகம் விட்டால். மெட்ராஸில் என் தோழி ஒருத்தி மாநகராட்சிப் பள்ளியில் இருக்கிறாள், குச்சி நடச் சொல்லிவிட்டேன். பந்துகள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தலைமையாசிரியர் சார்ட்டும் வேண்டும் என்கிறார். சரி, பிள்ளைகள் முன்னால் எழுதினதும் பின்னால் அளந்ததும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி அதையே சார்ட் ஆக்கிவிடுகிறேன்.

தண்ணீர் ராக்கெட்டுக்கு மட்டும் ஒரு சந்தேகம். கார்க் எங்கே கிடைக்கும்? காரைக்குடியில் இரண்டு கடையில் இல்லை என்றார்கள்.

பள்ளத்தூரான்

ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் ரப்பர் கார்க் என்று கேளுங்கள். பாட்டில் வாய் உள்ளளவு 21, 22 மில்லிமீட்டர் வரும், ஒரு பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். வால்வு நான் தருகிறேன், காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடை லீவு. பம்பு இரவல்தான் டீச்சர், போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது இன்னும் திரும்பி வரவில்லை.